ஸ்மார்ட் மீட்டரும் மக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாடு தன் வீடுகளில் இருக்கும் மின்மீட்டர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் மாட்டப் போகிறது என்றால், எத்தனை மீட்டர் வாங்குவது, யாருக்கு ஒப்பந்தம் கொடுப்பது, எந்த வருடத்துக்குள் முடிப்பது என்பதற்கெல்லாம் திட்டம் தயாராகிவிடும். கதவைத் திறக்கப் போகிறவரிடம் என்ன சொல்வது என்பதுதான் கடைசி நேரம் வரை தள்ளிப்போகிறது. மின்நிறுவன ஊழியர்கள், நுகர்வோர் அமைப்பினர், உள்ளாட்சி உறுப்பினர்கள், மீட்டர் மாட்டப் போகிறவர்கள் என்று மக்களிடம் பேச வேண்டிய எல்லோருக்காகவும் இந்தக் கேள்வி பதில்களைத் தொகுத்திருக்கிறேன். வீட்டுக்காரர்களும் படிக்கலாம். படிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

ஸ்மார்ட் மீட்டர் என்றால் என்ன? பழைய மீட்டரிலிருந்து என்ன மாறுகிறது?

பழைய மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது என்று எண்ணும், அவ்வளவுதான். அதை ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார். ஸ்மார்ட் மீட்டரும் எண்ணும். ஆனால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையோ அரை மணிக்கு ஒருமுறையோ அந்தக் கணக்கைத் தனித்தனியாகச் சேமித்து வைக்கும், அதை ரேடியோ அலை வழியாகவோ மின்கம்பி வழியாகவோ நிறுவனத்துக்கு அனுப்பும். அங்கிருந்து வரும் கட்டளையையும் ஏற்கும். மின்சாரத்தைத் துண்டிப்பது, மறுபடி கொடுப்பது, ப்ரீபெய்டு முறைக்கு மாற்றுவது எல்லாம் அந்தக் கட்டளைகளில் அடக்கம்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பல துண்டறிக்கைகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. மக்கள் அதை வேறு யார் மூலமாகவோ கேள்விப்படுகிறார்கள். அப்புறம் துண்டறிக்கையில் இருக்கும் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

மீட்டர் நிறுவனத்தின் சொத்துதானே? மாற்றுவதற்கு மக்களை எதற்குக் கேட்க வேண்டும்?

சொத்து நிறுவனத்துடையது என்பது பெரும்பாலான நாடுகளில் சரிதான். ஆனால் அது இருக்கும் இடம் வீடு. அதற்கான பணமும் சுற்றி வளைத்து வீட்டுக்காரரின் பில்லிலிருந்துதான் வருகிறது. திட்ட அறிக்கையில் காட்டப்படும் பயன்களில் ஒரு பெரிய பங்கு மக்கள் தங்கள் பழக்கத்தை மாற்றினால் மட்டுமே கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2006-ல் முடிவெடுத்து, 2009-லிருந்து எல்லா வீடுகளிலும் சிறு தொழில் இடங்களிலும் கட்டாயமாக மாட்டினார்கள். மாட்டும் வேலை கிட்டத்தட்ட முழுமையாக நடந்து முடிந்தது. செலவை நுகர்வோரின் பில்லில் வசூலித்தார்கள். நேரத்துக்கு ஏற்ற கட்டணம், அதாவது நாளின் எந்த நேரத்தில் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து மாறும் கட்டணம், வரப்போகிறது என்ற பேச்சு வந்ததும் எதிர்ப்பு கிளம்பி, 2010-ல் அந்தக் கட்டண முறையையே அரசு நிறுத்தி வைத்தது. 2015-ல் மாநிலத் தணிக்கைத் தலைவர் கொடுத்த அறிக்கையின்படி, அந்த ஆண்டின் இறுதிக்குள் மக்கள் கட்டியிருக்கப் போகும் தொகை சுமார் 224 கோடி ஆஸ்திரேலிய டாலர். வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால் மக்களுக்கு 31.9 கோடி டாலர் நஷ்டம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். மீட்டர்கள் சுவரில் நன்றாகத்தான் வேலை செய்தன. அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்பதை மக்களிடம் கொண்டுபோகாததால் எதிர்பார்த்த பலன் வரவில்லை.

“இதனால் எனக்கு என்ன லாபம்?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். முதல் லாபம் நிறுவனத்துக்குத்தான். ரீடிங் எடுக்கும் செலவு குறைகிறது, மின்திருட்டும் கம்பி இழப்பும் எங்கே என்று தெரிகிறது, எந்தத் தெருவில் மின்சாரம் போனது என்பது யாரும் போன் செய்யாமலே தெரிந்துவிடுகிறது. இத்தாலியில் 2001-ல் தொடங்கி சில ஆண்டுகளில் சுமார் மூன்று கோடி மீட்டர்களை மாட்டியதற்கு முக்கியக் காரணம் இவைதான். சுற்றுச்சூழல் பேச்சு அப்போது இரண்டாம்பட்சம்.

வீட்டுக்காரருக்கு என்ன? மீட்டரைப் பார்க்காமலே தோராயமாக யூனிட் போடும் உத்தேச ரீடிங் தொல்லை ஒழியும். வேறு இடத்துக்குக் குடிபோகும்போது கடைசி பில் அன்றைக்கே கிடைக்கும். கொஞ்சம் மின்சாரமும் மிச்சமாகலாம். அந்தக் “கொஞ்சம்” எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் 2007 முதல் 2010 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. அதில் ஸ்மார்ட் மீட்டரோடு, மின்செலவை அந்தந்த நொடியில் காட்டும் சிறு திரையும் வைத்த வீடுகளில் பொதுவாக 3 சதவீதத்தை ஒட்டியே மின்சாரம் மிச்சமானது. அயர்லாந்தில் 2009-10-ல் சுமார் ஐயாயிரம் வீடுகளில் நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தையும் விவரமான பில்லையும் சேர்த்துச் சோதித்தபோது மொத்தப் பயன்பாடு 2.5 சதவீதமும், எல்லோரும் ஒரே சமயத்தில் மின்சாரம் இழுக்கும் உச்ச நேரப் பயன்பாடு 8.8 சதவீதமும் குறைந்தது.

ஆகவே “பில் பாதியாகும்” என்கிற மாதிரியான வாக்குறுதி வேண்டவே வேண்டாம். மூன்று சதவீதம் என்று சொன்னால் கேட்கிறவர் முகம் வாடலாம், பரவாயில்லை. ஆறு மாதம் கழித்தும் அவர் உங்களிடம் பேசுவார்.

எல்லோருக்கும் கட்டாயம் என்று சட்டம் போட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடியாதா?

நெதர்லாந்து அப்படித்தான் நினைத்தது. அங்கே கொண்டுவரப்பட்ட மசோதாவில் மீட்டரை மறுப்பது குற்றம். அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம் என்று இருந்தது. கால் மணிக்கு ஒரு ரீடிங், தினமும் நிறுவனத்துக்குப் போகும் என்பது ஏற்பாடு. நாட்டின் நுகர்வோர் சங்கம், இது சட்டப்படி செல்லுமா என்று டில்பர்க் பல்கலைக்கழகச் சட்ட ஆய்வாளர்களிடம் கேட்டது. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 8-ஆம் பிரிவு வீட்டுக்குள் இருக்கும் தனிவாழ்வைக் காப்பாற்றுகிறது, இந்த மசோதா அதற்கு ஒத்துவராது என்று அவர்கள் சொன்னார்கள். 2009 ஏப்ரலில் மேலவை மசோதாவை நிறைவேற்ற மறுத்துவிட்டது. அமைச்சர் திரும்பிப் போய் எழுத வேண்டியதாயிற்று.

திருத்தி எழுதி 2011-ல் நிறைவேறிய சட்டத்தில் வீட்டுக்காரருக்குப் பல வழிகள் இருந்தன. மீட்டரே வேண்டாம் என்று சொல்லலாம். மீட்டரை மாட்டிக்கொண்டு தகவல் அனுப்புவதை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லலாம். சாதாரண முறையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ரீடிங் போகட்டும் என்று விடலாம். அதைவிட விவரமான தகவல் போக வேண்டுமானால் அவரே சம்மதிக்க வேண்டும். அதன் பிறகு சிறிய அளவில் தொடங்கி, 2015-லிருந்து நாடு முழுவதும் மாட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல உரிமை இருந்தும் பெரும்பாலான வீடுகள் மாட்டிக்கொண்டன.

இந்த வரிசையைக் கவனியுங்கள். அரசு நல்ல விளம்பரம் செய்து மக்கள் மனதை மாற்றவில்லை, மக்கள் சொன்னதைக் கேட்டுச் சட்டத்தை மாற்றியது. மக்களை ஈடுபடுத்துவது என்றால் இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கூட்டம் போட்டு, கருத்துக் கேட்டு, கடைசியில் திட்டத்தில் ஒரு வரிகூட மாறாது என்றால் அந்தக் கூட்டத்துக்கு யாரையும் அழைக்காமல் இருப்பதே மரியாதை.

“ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் பில் எகிறிவிட்டது” என்கிறார்களே?

எந்த நாட்டில் திட்டம் தொடங்கினாலும் முதலில் வரும் புகார் இதுதான். எடுத்தவுடன் “மீட்டரில் தவறே இருக்காது” என்று சொல்லக் கூடாது. அது உண்மையும் இல்லை.

கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பகுதியில் 2009-ல் ஆயிரக்கணக்கானோர் இப்படிப் புகார் சொன்னார்கள். வழக்கு போட்டார்கள், மாநில மேலவை உறுப்பினர் ஒருவர் பொது விசாரணை நடத்தினார். மாநிலக் கட்டண ஆணையம் வெளியிலிருந்து ஒரு ஆலோசனை நிறுவனத்தை வைத்து 750-க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களைச் சோதித்தது. 2010 செப்டம்பரில் அறிக்கை வந்தது. மீட்டர்கள் சரியாகவே அளந்தன. கட்டண உயர்வும் கடும் வெயிலும் மீட்டர் மாற்றமும் ஒரே சமயத்தில் வந்ததால்தான் பில் ஏறியது. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: புகார் சொன்னவர்களை நிறுவனம் நடத்திய விதம் மோசம். மக்களின் கோபத்தில் பாதி அதிலிருந்து வந்தது என்றே எனக்குப் படுகிறது. வெயில் காலத்தில், கட்டணம் உயர்ந்த அதே மாதத்தில் மீட்டரை மாற்றினால், பில்லைப் பார்க்கிறவர் வேறு எதைக் குற்றம் சொல்வார்?

வேறு காரணங்களும் உண்டு. பல வருடம் ஓடித் தேய்ந்த பழைய மீட்டர் மெதுவாகச் சுற்றியிருக்கலாம், புதியது உள்ளதை உள்ளபடி காட்டும்போது பில் கூடும். பல மாதம் உத்தேசமாகக் குறைத்துப் போட்ட யூனிட்கள் எல்லாம் மீட்டர் மாற்றும் நாளில் மொத்தமாக வந்து சேரலாம். கழற்றிய மீட்டரின் கடைசி ரீடிங்கைத் தவறாக எழுதியிருக்கலாம்.

மீட்டரே தவறாக அளப்பதும் சாத்தியம்தான். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 2017-ல் வெளியான ஆய்வில் ஒன்பது மின்னணு மீட்டர்களை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்சோடு இணைத்த சிக்கன விளக்குகளை எரியவிட்டுச் சோதித்தார்கள். ஐந்து மீட்டர்கள் உள்ளதைவிட மிக அதிகமாகக் காட்டின. ஒரு நிலையில் 582 சதவீதம் வரை கூடுதல். இரண்டு மீட்டர்கள் குறைத்துக் காட்டின. அது ஆய்வகத்தில், வேண்டுமென்றே மின்னோட்டத்தைக் கரடுமுரடாக்கிச் செய்த சோதனை. சாதாரண வீட்டில் அப்படி அமைவது அரிது. ஆனாலும் “நடக்கவே நடக்காது” என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதற்கு அது சாட்சி.

சரி, என்ன செய்யலாம்? சந்தேகப்படுகிறவர் வீட்டில் இரண்டாவதாக ஒரு மீட்டரைப் பக்கத்திலேயே மாட்டி, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுவதுபோல நம்பிக்கை தரும் வழி வேறில்லை. இந்தியாவில் 2024-ல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் இதைக் கட்டாயமாக்கின. ரீடிங் சரியில்லை என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளுக்குள் கூடுதல் மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் சரிபார்க்க வேண்டும். இப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. மீட்டர் மாட்டும் அன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டிய தகவல் இது.

வீட்டுக்குள் நான் என்ன செய்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமா?

எவ்வளவு நெருக்கமான இடைவெளியில் ரீடிங் போகிறது என்பதைப் பொறுத்தது. மாதம் ஒரு ரீடிங்கில் ஒன்றும் தெரியாது. அரை மணிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 48 எண்கள். அதை வைத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா, எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எந்த வாரம் வெளியூர் போனார்கள் என்று ஊகிக்கலாம். சில நொடிகளுக்கு ஒருமுறை என்றால் இன்னும் போகும். ஜெர்மனியின் மன்ஸ்டர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்கள் 2011-ல், இரண்டு நொடிக்கு ஒருமுறை கிடைத்த மின்செலவுக் கணக்கை மட்டும் வைத்து, அந்த வீட்டுத் தொலைக்காட்சியில் எந்தப் படம் ஓடியது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். திரையில் இருட்டுக் காட்சி வரும்போது மின்செலவு இறங்கும், வெளிச்சமான காட்சியில் ஏறும். அந்த ஏற்ற இறக்கமே படத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

“உங்கள் தகவல் பத்திரமாக இருக்கும்” என்ற ஒற்றை வரி இங்கே போதாது. எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரீடிங், அது மீட்டரிலேயே தங்குகிறதா வெளியே போகிறதா, யார் பார்ப்பார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள், போலீஸ் கேட்டால் என்ன நடைமுறை, வேறு நிறுவனத்துக்கு விற்பார்களா என்று ஒவ்வொன்றுக்கும் நேரான பதில் வேண்டும். பிரிட்டனில் வைத்த முறை புரிந்துகொள்ள எளிது: மாதாந்திர ரீடிங் பில்லுக்காகப் போகும், தினசரி ரீடிங் வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் நிறுத்தலாம், அரை மணிக் கணக்கு அவர் சம்மதித்தால் மட்டுமே என்று தொடங்கினார்கள். மூன்று படிகள், யாரும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கதிர்வீச்சு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

ரேடியோ அலையில் பேசும் மீட்டர் வெளியிடும் சக்தி, பாதுகாப்பு வரம்புகளுக்கு மிகவும் கீழே இருக்கிறது. பெரும்பாலான மீட்டர்கள் விட்டுவிட்டுச் சிறிது நேரமே அனுப்புகின்றன. காதில் வைத்துப் பேசும் செல்போனால் உடலில் படுவது இதைவிட அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011-ல் ரேடியோ அலைகளை “புற்றுநோய்க்கு வாய்ப்பிருக்கலாம்” என்ற 2பி வகையில் வைத்தது என்பதையும் கேட்கிறவர் படித்திருப்பார். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த முடிவுக்குப் பெரும்பாலும் செல்போன் பயன்பாடு பற்றிய ஆய்வுகளே ஆதாரம்.

சிரிக்க மட்டும் சிரிக்காதீர்கள். படுக்கை அறைச் சுவரில் மாட்ட வேண்டாம் என்கிறவருக்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்கலாம். கலிஃபோர்னியா 2012-ல் பழைய வகை மீட்டரையே வைத்துக்கொள்ளும் வழியைத் தந்தது. முதலில் 75 டாலர், பிறகு மாதம் 10 டாலர் என்று கட்டணம் போட்டார்கள், ஏழைகளுக்குக் குறைவு. கட்டணம் நியாயமா என்று சண்டை நடந்தது உண்மைதான். ஆனால் வழி என்று ஒன்று திறந்தது.

தொலைவிலிருந்தே மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்களா? ப்ரீபெய்டு ஆக்கிவிடுவார்களா?

மீட்டரால் முடியும். செய்யலாமா என்பதை விதிதான் சொல்ல வேண்டும். அந்த விதி மீட்டர் வரும் முன்பே வர வேண்டும்.

பழைய முறையில் துண்டிக்க ஒரு ஆள் வர வேண்டியிருந்தது. வந்தவர் வீட்டில் கைக்குழந்தை இருப்பதைப் பார்ப்பார், ஆக்சிஜன் கருவியோடு படுத்திருக்கும் நோயாளியைப் பார்ப்பார், “நாளைக்குள் கட்டிவிடுகிறேன்” என்பதைக் கேட்டுத் திரும்பிப் போகவும் செய்வார். சர்வரிலிருந்து போகும் கட்டளைக்கு இது ஒன்றும் தெரியாது. அந்த ஆள் பார்த்த பார்வையை விதியாக எழுதி வைக்காவிட்டால் இழப்பு ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும்தான்.

பிரிட்டனில் எரிசக்தி விலை உச்சத்தில் இருந்த 2022-23 குளிர்காலத்தில், கடன்பட்ட வீடுகளை வலுக்கட்டாயமாக ப்ரீபெய்டுக்கு மாற்றினார்கள். சிலவற்றில் நீதிமன்ற உத்தரவோடு உள்ளே போய் மீட்டர் மாட்டினார்கள், ஸ்மார்ட் மீட்டர் இருந்த வீடுகளில் தொலைவிலிருந்தே மாற்றினார்கள். விஷயம் வெளியே வந்து, 2023 பிப்ரவரியில் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் இதை நிறுத்தச் சொன்னது. பிறகு யார் வீட்டில் செய்யவே கூடாது என்று விதிகள் இறுகின. “ஸ்மார்ட் மீட்டர் உங்கள் நன்மைக்கு” என்று பல வருடம் செய்த பிரசாரத்துக்கு ஒரே குளிர்காலத்தில் விழுந்த அடி அது.

தவறுதலாகவும் நடக்கும். 2020 ஆகஸ்டில், கிருஷ்ண ஜெயந்தி அன்று, உத்தரப் பிரதேசத்தில் ஒரு தவறான கட்டளையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகளில் மின்சாரம் நின்றது. மாநில அரசு மீட்டர் மாட்டும் வேலையையே நிறுத்தி வைத்தது.

இரவிலும் விடுமுறை நாளிலும் துண்டிப்பு கிடையாது, பணம் தீர்ந்தால் அவசரக் கடன் உண்டு, உயிர்காக்கும் கருவி இருக்கும் வீட்டில் துண்டிப்பே கிடையாது என்ற மூன்றையாவது எழுத்தில் வாங்குங்கள். பிரிட்டனின் ப்ரீபெய்டு மீட்டர்களில் முதல் இரண்டும் வெகுகாலமாக இருக்கின்றன. செய்ய முடியாத காரியம் இல்லை.

நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வந்தே தீருமா?

மீட்டர் அதற்கு வழி செய்கிறது என்பது உண்மை. இந்தியாவில் மின்நுகர்வோர் உரிமை விதிகளின் 2023 திருத்தப்படி ஸ்மார்ட் மீட்டரோடு சேர்ந்தே இந்தக் கட்டணமும் வர வேண்டும். சூரிய மின்சாரம் அதிகம் கிடைக்கும் பகல் நேரத்தில் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்கும். அயர்லாந்தில் விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று தொடங்கினார்கள். எனக்கு அயர்லாந்து வழிதான் பிடித்திருக்கிறது. பகலில் வீட்டில் இருப்பவருக்கு லாபம், மாலையில் வேலையிலிருந்து திரும்பிச் சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவருக்கு நஷ்டம் என்றால், அவரிடம் “உங்கள் பழக்கத்தை மாற்றுங்கள்” என்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

தண்டனைக்குப் பதில் பரிசாகவும் செய்யலாம். பிரிட்டனில் 2022-23 குளிர்காலத்தில், குறிப்பிட்ட மாலை நேரங்களில் மின்செலவைக் குறைத்தவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். அரை மணிக் கணக்கைத் தரச் சம்மதித்த ஸ்மார்ட் மீட்டர் வீடுகள் சேரலாம். வீடுகளும் நிறுவனங்களுமாகச் சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். மீட்டரால் கிடைக்கும் பலனை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.

நல்ல விளம்பரம் போட்டால் போதாதா?

விளம்பரம் தகவலைக் கொண்டுபோகும், கெட்ட அனுபவத்தை அழிக்காது. பிரிட்டன் இதற்கென்றே ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தி, 2014-லிருந்து கேலிச்சித்திரப் பாத்திரங்களை வைத்துத் தொலைக்காட்சியில் பெரிய அளவில் விளம்பரம் செய்தது. ஸ்மார்ட் மீட்டர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் அங்கே குறைவு. ஆனால் முதல் தலைமுறை மீட்டர்களில் பல, வீட்டுக்காரர் வேறு மின்நிறுவனத்துக்கு மாறியதும் தகவல் அனுப்புவதை நிறுத்திவிட்டன. குறைந்த விலைக்கு மாறுங்கள் என்று ஒருபுறம் அரசே சொல்கிறது, மாறினால் ஸ்மார்ட் மீட்டர் சாதாரண மீட்டராகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது தொலைக்காட்சிப் பாத்திரத்தை யார் கேட்பார்கள்?

எல்லா வீட்டுக்கும் 2020-க்குள் என்று வைத்த இலக்கு தவறியது. 2023 மார்ச்சில் 57 சதவீத மீட்டர்களே ஸ்மார்ட், சுமார் 30 லட்சம் மீட்டர்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது. விளம்பரச் செலவில் ஒரு பங்கையாவது பழுது பார்க்கும் குழுவுக்குக் கொடுங்கள் என்பேன்.

மக்களிடம் பேச்சை எங்கிருந்து தொடங்குவது?

அவர்களிடம் ஏற்கனவே இருக்கும் குறையிலிருந்து. ஸ்வீடனில் உத்தேச பில்லைப் பற்றி மக்கள் சலித்துப்போயிருந்தார்கள். 2009 ஜூலை 1 முதல் மாதாமாதம் உண்மையான ரீடிங் எடுத்தே ஆக வேண்டும் என்று 2003-லேயே முடிவாயிற்று. “ஸ்மார்ட் மீட்டர் மாட்டுங்கள்” என்று சட்டம் சொல்லவில்லை, மாத ரீடிங் வேண்டும் என்றது. அதற்கு எளிய வழி மீட்டரை மாற்றுவதுதான் என்று நிறுவனங்களே வந்து சேர்ந்தன. மக்கள் கேட்டதுக்குப் பதிலாக மீட்டர் வந்ததால் அங்கே பெரிய சண்டை இல்லை.

கூட்டம் நடத்தினால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் நடத்துங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் மேடையில் இருக்கட்டும். மாலையிலோ விடுமுறை நாளிலோ வையுங்கள், இல்லாவிட்டால் ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே வருவார்கள். கேட்ட கேள்விகளையும், அவற்றால் திட்டத்தில் என்ன மாறியது, எது ஏன் மாறவில்லை என்பதையும் ஒரு மாதத்துக்குள் அச்சிட்டு அதே தெருவில் ஒட்டுங்கள்.

ரீடிங் எடுப்பவர்களின் வேலை என்ன ஆகும்?

குறையும். இதை மழுப்பக் கூடாது. ஆனால் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தப் பாட்டிக்குக் காது கேட்காது, எந்த மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருட்டில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். மீட்டர் மாற்றத்தை விளக்கிச் சொல்லவும், முதல் மூன்று மாதம் புகார்களைக் கவனிக்கவும் அவர்களையே பயிற்சி கொடுத்து அனுப்பலாம். அவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு முகம் தெரியாத ஒப்பந்த ஆட்களைக் கதவு தட்ட விடுவது இரண்டு பக்கமும் நஷ்டம்.

மீட்டர் மாட்ட வருகிறவர் வாசலில் என்ன செய்ய வேண்டும்?

அடையாள அட்டையைக் கேட்கும் முன்பே காட்ட வேண்டும். எவ்வளவு நேரம் மின்சாரம் இருக்காது என்று சொல்லிவிட்டுத்தான் மெயினை நிறுத்த வேண்டும். மருந்து வைத்த குளிர்சாதனப் பெட்டி, மருத்துவக் கருவி ஏதாவது ஓடுகிறதா என்று கேட்பது அவசியம்.

கழற்றும் முன் பழைய மீட்டரின் கடைசி ரீடிங். இதில்தான் பின்னால் வரும் சண்டைகளில் பாதி ஒளிந்திருக்கிறது. மீட்டர் எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுத்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, அவரையும் தன் போனில் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். புதிய மீட்டர் எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதையும் அப்படியே. இரண்டும் எழுதிய ஒரு தாள், கீழே இருவர் கையெழுத்து, ஒரு பிரதி வீட்டுக்காரருக்கு. இரண்டு நிமிட வேலை. ஒரு நாளைக்கு இத்தனை மீட்டர் என்று கணக்கு வைத்துக் கூலி கொடுக்கும் ஒப்பந்தத்தில் முதலில் காணாமல் போவதும் இந்த இரண்டு நிமிடம்தான், ஆகவே ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்க்க வேண்டும்.

பிறகு மீட்டர் திரையில் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன தெரியும் என்று செய்து காட்டிவிட்டு, வீட்டுக்காரரையும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். வீட்டுத் திரையோ செயலியோ தருவதானால் அதையும் அப்போதே ஓட்டிக் காட்டவேண்டும். பிரிட்டனின் நிறுவல் நடத்தை விதிகள் இந்தச் செய்முறை விளக்கத்தைக் கட்டாயமாக்கின. வந்த வேளையில், முன்பே சம்மதம் வாங்காமல் வேறு எதையும் விற்கவும் கூடாது என்றன.

செயலி பயன்படுத்தத் தெரியாதவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் கதி?

செயலி ஒரு வசதி, அதையே ஒரே வழியாக்கக் கூடாது. தாளில் பில், போனில் பேசினால் மனிதர் எடுப்பது, பணமாகக் கட்ட ஒரு இடம் மூன்றும் தொடர வேண்டும். பார்வையற்றவர்களுக்குப் பேசிச் சொல்லும் வீட்டுத் திரைகள் வந்திருக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்கலாம். வாடகை வீட்டில் பில் கட்டுகிறவர் யாரோ அவருக்கே தகவலும் புகார் உரிமையும் போக வேண்டும். இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதால் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அவர் போனுக்குப் போய், குடியிருப்பவர் இருட்டில் உட்காரக் கூடாது.

மீட்டர் மாட்ட வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்துவிட்டது. நான் இப்போது என்ன கேட்கலாம்?

மறுக்க வழி உண்டா, உண்டென்றால் கட்டணம் எவ்வளவு? மீட்டரின் விலையையும் மாட்டும் செலவையும் யார் தருகிறார்கள்? எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரீடிங் வெளியே போகும்? நான் கேட்காமல் ப்ரீபெய்டுக்கோ வேறு கட்டணத்துக்கோ மாற்றுவீர்களா? புதிய மீட்டர் காட்டும் அதிகபட்ச லோடை (வீடு ஒரே சமயத்தில் இழுக்கும் மின்சார அளவை) வைத்துப் பழைய காலத்துக்கு அபராதம் போடுவீர்களா? இந்தியாவில் அதே 2023 திருத்தம் இந்தக் கடைசியைத் தடுக்கிறது, மற்ற இடங்களில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரீடிங்கில் சந்தேகம் வந்தால் சரிபார்க்கும் மீட்டர் எத்தனை நாளில் வரும், அதற்குக் காசு உண்டா?

பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலோ கடிதமோ எதுவானாலும் சரி. பதில் வரும் வரை பழைய மீட்டரின் ரீடிங்கை வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் குறித்து வையுங்கள். ஓரிரு மாதக் கணக்கு கையில் இருந்தால், புதிய மீட்டர் வந்த பிறகு அதே மாதிரி குறித்து, எவ்வளவு மாறியிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். கோடையிலிருந்து குளிருக்கு மாறும் மாதமாக இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால் அந்தத் தாளோடு போய்ப் புகார் கொடுங்கள், புகார் எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.